கணக்கு முடித்து ஊர் திரும்பியவர்கள்

உத்தியோகத்துக்கும் குடும்பத்துக்குமாக ஒரு மனிதன் தன் காலத்தை எவ்வாறு பங்கிடுவது என்னும் கேள்வி, கம்ப்யூட்டரும் கைப்பேசியும் வந்த பிறகு பட்டணத்து இளைஞர்களிடையே முளைத்தது என்றே பலரும் எண்ணுகிறார்கள். காரைக்குடியையும் தேவகோட்டையையும் சுற்றியுள்ள செட்டிநாட்டு ஊர்களிலோ, நூறு ஆண்டுகளுக்கு முன்னரே இந்தக் கேள்விக்கு ஒரு திட்டமான விடை சீட்டில் எழுதப்பட்டு, கையொப்பமும் இடப்பட்டு, தலைமுறை தலைமுறையாக வழக்கத்திலும் இருந்தது. அந்த விடை முழுவதும் நியாயமானதா என்பது பின்னால் விசாரிக்க வேண்டிய விஷயம். தனி மனிதனுடைய மனக்கட்டுப்பாட்டை நம்பி விட்டுவிடாமல், முதலாளி, குடும்பம், கோயில், பந்துக்கள் ஆகிய அனைவரும் அறிய ஒரு சமூகமே கூடிச் செய்துகொண்ட ஏற்பாடு அது என்பதே, இன்று அதை எடுத்து ஆராய்வதற்குப் போதிய காரணமாகும்.

அந்தச் சமூகத்தாரான நாட்டுக்கோட்டை நகரத்தார் என்னும் செட்டியார்கள் கடல் கடந்து கொடுக்கல் வாங்கல் செய்யப் போன வரலாற்றைப் பலர் எழுதியிருக்கிறார்கள். இங்கே சுருக்கமாகச் சொன்னால் போதும். 1852-இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமாயிற்று. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதிக் கழிமுகத்து நெல்லுக்கு ஐரோப்பியச் சந்தை கிட்டியது. காட்டைத் திருத்திக் கழனியாக்கிய பர்மியக் குடியானவனுக்குக் கடன் கொடுக்க வெள்ளைக்காரர் பாங்குகள் முன்வராத இடங்களிலெல்லாம் செட்டியார் கடை போய் நின்றது. 1929–30-இல் பர்மா மாகாண பாங்கு விசாரணைக் குழு ஆராய்ந்தபோது அந்நாட்டில் சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்தன; அவற்றில் புழங்கிய மூலதனத்தை ஏறத்தாழ 75 கோடி ரூபாய் என்று குழு மதிப்பிட்டது. இலங்கை, மலாயா, சுமத்திரா, இந்தோசீனா ஆகிய தேசங்களிலிருந்த கடைகள் இந்தத் தொகைக்குப் புறம்பானவை.

கடைகள் கடலுக்கு அப்பால் இருந்தன; முதலுக்குச் சொந்தக்காரரான மேலாளோ பெரும்பாலும் கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ கோட்டையூரிலோ தம் வீட்டு முகப்பில் இருந்தார். இரண்டுக்கும் நடுவே நின்றவர் ஏஜண்டு. அவருக்குக் கீழே அடுத்தாள், அடுத்தாளுக்கும் கீழே பெட்டியடிப் பையன், இத்தனை பேருக்கும் சமைத்துப் போட ஒரு சமையற்காரர் என்று ஒரு வரிசை உண்டு. கொண்டுவிக்க, அதாவது அக்கரைக் கடையில் தொழில் பார்க்க, போகிறவர் புறப்படுமுன் எழுதிக்கொள்வது சம்பளச் சீட்டு. அதில் கண்ட தவணைக்குக் கணக்கு என்று பெயர். ஒரு கணக்கு மூன்று ஆண்டு. மாதம் பிறந்தால் சம்பளம் என்ற பேச்சு இல்லை. கணக்கு முழுமைக்கும் ஒரு தொகை பேசி, அதில் ஒரு பகுதியை முன்பணமாகப் பெற்று வீட்டில் கொடுத்துவிட்டுப் போவார்கள். அங்கே சாப்பாடும் தங்கலும் கடைச் செலவு. திரும்பி வந்து கணக்கு ஒப்புவித்த பிறகு இலாபத்தைப் பார்த்து வெகுமானமும் கிடைக்கும்.

மூன்றாம் ஆண்டு முடியுந் தறுவாயில் அடுத்த ஏஜண்டு கப்பலேறி வந்து சேர்வார். வந்தவுடன் சாவியை வாங்கிக்கொண்டு பழையவரை அனுப்பிவிடுவதில்லை. இருவரும் சேர்ந்து அமர்ந்து, பேரேட்டைப் பற்று பற்றாகப் புரட்டி, கடன்காரர்களை நேரில் காட்டிக் கொடுத்து, எந்தப் பாக்கி தேறும், எது தேறாது என்று பிரித்து, ஐந்தொகை எடுத்து மேலாளுக்கு அனுப்பி, அதற்குப் பின்னரே பழையவர் மூட்டை கட்டுவார். ஊர் வந்து சேர்ந்தவரும் மறு கப்பலிலேயே திரும்பிவிடுவதில்லை; அடுத்த சீட்டு எழுதுமுன் வீட்டுக் காரியங்களுக்கென்று ஓர் இடைக்காலம் அவருக்கு உண்டு. நாளை எட்டு எட்டு மணியாகப் பங்கிடும் மேல்நாட்டு முறை இவர்களுக்குத் தெரியாது. இவர்கள் ஆயுளையே கணக்குக் காலம் என்றும் வீட்டுக் காலம் என்றும் பங்கிட்டுக்கொண்டார்கள்.

இதை மேலாள் செய்த தர்மம் என்று நினைத்துவிடக் கூடாது. வட்டிக்கடை நடத்துகிறவனுக்கு ஏஜண்டை மாற்றிக்கொண்டே இருப்பதில் ஆதாயம் அதிகம்: புதிதாக வருகிறவர், தம் தலையில் வாராக்கடன் விழாதபடி, பழையவர் எழுதிய ஒவ்வொரு வரியையும் சந்தேகக் கண்ணோடு பார்ப்பார், அதனால் சம்பளமில்லாத ஒரு தணிக்கை தானே நடந்துவிடும். பெண்டு பிள்ளைகள் ஊரில் இருக்கும்வரை ஏஜண்டு எங்கும் போய்விட மாட்டார் என்னும் தைரியமும் மேலாளுக்கு இருந்தது. ஆனாலும், ஓய்வு யாருடைய தயவினாலும் வராமல் வியாபாரத்தின் அவசியத்தினாலேயே வந்தபடியால்தான் அது தவறாமல் வந்தது என்பது என் அபிப்பிராயம். முதலாளியின் நல்ல மனத்தை எதிர்பார்த்து நிற்கும் ஓய்வு, சந்தை சற்றுச் சூடுபிடித்தால் முதலில் காணாமற் போவது.

கணக்குக் காலத்தில் வாழ்க்கை எப்படி இருந்தது என்று அறியக் கிட்டங்கியைப் பார்க்க வேண்டும். ரங்கூனில் மொகல் தெரு, சிங்கப்பூரில் மார்க்கெட் தெரு போன்ற இடங்களில் இருந்த அந்தக் கட்டிடங்கள் தெருப்பக்கம் ஒடுங்கியும் உள்ளே நீண்டும் இருப்பவை. ஒரே கூடத்தில் பல கடைகள். கடை என்றால் தரையில் விரித்த பாய், அதன்மேல் ஒரு மேசைப்பெட்டி, பின்னால் ஓர் இரும்புப் பெட்டி அல்லது அலமாரி, அவ்வளவே. பக்கத்துப் பாயில் இன்னொரு விலாசத்தார் கடை; எதிர்ப் பாயில் வேறொரு விலாசத்தார் கடை. பகலில் கடன் கேட்டு வந்தவர்களோடு பேசிய அதே கட்டிடத்திலேயே சாப்பிட்டு, விளக்கு வைத்தபின் குறிப்பையும் பேரேட்டையும் ஒத்துப் பார்த்து, அங்கேயே படுத்து, விடிந்தால் எழுந்து அதே பாயில் வந்து அமர வேண்டியது. வீட்டிலிருந்தே வேலை என்று இப்போது ஒன்று சொல்கிறார்களே, அதைத் தலைகீழாக்கி, வேலை நடக்கும் இடத்தையே வீடாக்கிக்கொண்ட வாழ்க்கை இது. சிங்கம்புணரியில் பிறந்து 1938-இல் மேடானுக்குப் போய் ஒரு கடையில் வேலை பார்த்த ப. சிங்காரம், ‘கடலுக்கு அப்பால்’, ‘புயலிலே ஒரு தோணி’ என்னும் தம் நாவல்கள் இரண்டிலும் இந்த உலகத்தின் நடையுடை பாவனைகளைப் பதிந்து வைத்திருக்கிறார். பெட்டியடியின் கெடுபிடியையும் பையன்களின் ஏக்கத்தையும் அறிய விரும்புகிறவர்கள் பாங்கு விசாரணைக் குழுவின் அறிக்கையைவிட அவற்றையே முதலில் படிக்க வேண்டும்.

அப்படிப்பட்ட வாழ்க்கையை மூன்று ஆண்டு தாங்க வைத்தது எது? ஊரிலிருந்த முறைகளை ஏறக்குறைய அப்படியே அவர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். கடை வைத்த பட்டணமெல்லாம் முருகன் கோயில் எழுந்தது. சிங்கப்பூர் டாங்க் ரோட்டுத் தெண்டாயுதபாணி கோயில் 1859-இல் அமைந்தது. தைப்பூசத்துக்கு அத்தனை கிட்டங்கிகளும் வேலையை நிறுத்தும். திருக்கார்த்திகை கழிந்து இருபத்தொன்றாம் நாள், ஊரில் எப்படியோ அப்படியே, பிள்ளையார் நோன்புக்குக் கூடி இழை எடுத்துக்கொள்வார்கள்; அதே பொழுதில் ஊரில் இளையாற்றங்குடி, மாற்றூர், பிள்ளையார்பட்டி என்னும் கோயில் பிரிவினரும் தத்தம் வீட்டில் இழை எடுக்கிறார்கள் என்னும் நினைப்பு, கடிதம் வர வாரக்கணக்கில் ஆன அக்காலத்தில் அற்பமான ஆறுதல் அன்று. ரங்கூனிலோ நடப்பு வட்டியை நிர்ணயிப்பதற்கும் மாதந்தோறும் கோயிலில்தான் கூடினார்கள். ஓய்வும் வழிபாடும் வியாபாரமும் ஒரே மண்டபத்தில் நடந்தன. மூன்றையும் பிரித்து வைப்பதுதான் ஆரோக்கியம் என்று இன்று உபதேசிக்கிறவர்கள் இதை என்னவென்று சொல்வார்களோ தெரியாது.

வீட்டுக் காலத்தின் பயனாக இன்று கண்ணுக்குத் தெரிவது செட்டிநாட்டு வீடுகள். பர்மாத் தேக்கும் இத்தாலிச் சலவைக்கல்லும் ஆத்தங்குடிக் கல்லுமாக எழுந்த அவற்றைப் பற்றிச் சுற்றுலாப் புத்தகங்களே வேண்டிய அளவு பேசுகின்றன. அவ்வளவாகப் பேசப்படாதது அந்தக் காலத்தில் நடந்த தமிழ்ப்பணி. மேலைச்சிவபுரியில் சன்மார்க்க சபை 1909-இல் தோன்றியது. அதற்கு உயிராக இருந்த பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார் சிறுவயதில் இலங்கையில் கடைவேலை பார்த்துத் திரும்பியவர். காரைக்குடியில் இந்து மதாபிமான சங்கம் 1917-இல் ஏற்பட்டது. 1919-இல் பாரதியார் அங்கே வந்தார். சா. கணேசன் 1939-இல் கம்பன் கழகத்தைத் தொடங்கினார். ரங்கூனில் ‘தனவணிகன்’ இதழை நடத்திய கோட்டையூர் ஏ. கே. செட்டியார், பின்னால் உலகம் சுற்றிக் காந்தியடிகளைப் பற்றிய படச்சுருள்களைத் தேடித் திரட்டி, 1940-இல் ஒரு திரைப்படமாக்கினார். இவை எல்லாவற்றையும் கணக்கு முறையின் விளைவென்று கூறுவது மிகையாகும். பணமும் பக்தியும் தேசிய உணர்ச்சியும் சேர்ந்து செய்த காரியங்கள் இவை. ஆயினும், கையில் காசும் மனத்தில் உலகம் கண்ட அநுபவமும் உடைய ஆண்மக்கள், இன்ன மாதம்வரை கடைக்கவலை இல்லை என்னும் நிச்சயத்தோடு ஊரில் ஒருங்கே கூடியிருந்த அவகாசம் இல்லாமல், சிறிய ஊர்களில் இத்தனை சபைகள் தழைத்திருக்குமா என்பது ஐயம். வார முடிவில் இரண்டு நாள் கிடைக்கும் ஓய்வில் தூங்கலாம், துணி துவைக்கலாம். ஒரு சபையை நிறுவி வளர்ப்பதற்கு அது காணாது.

இதுவரை சொன்னதில் ‘அவர்கள்’ என்பது ஆண்களையே குறித்தது. கணக்கு முறையின் பாரம் முழுவதும் யார் தோளில் ஏறியது என்பதைக் கேட்காமல் அதைப் புகழ்வது, செலவுப் பக்கத்தைக் கிழித்துவிட்டு ஐந்தொகை எழுதுவது போன்றது. அக்கரைக்கு ஆச்சிமார், அதாவது நகரத்தார் வீட்டுப் பெண்கள், போகும் வழக்கம் நெடுங்காலம் இல்லை. கலியாணம் ஆகி ஆண்டு ஒன்றோ இரண்டோ கழியுமுன் கணவன் கப்பலேறுவான். வயிற்றிலிருக்கும் குழந்தை தவழ்ந்து, நடந்து, மழலை தெளியும் பருவத்தில்தான் அப்பச்சி என்று ஒருவர் வீட்டுக்குள் வந்து நிற்பார். கல்யாணமான பிள்ளையை வேறு வைப்பது இவர்கள் வழக்கம். வீட்டின் உள்முற்றமாகிய வளவைச் சுற்றிய அறைகளில் ஒவ்வொரு மருமகளுக்கும் தனி அறை, தனி அடுப்பு, தனி வரவு செலவு. ஆகவே இருபது வயது நிரம்பாத பெண், கணவன் கொடுத்துவிட்டுப் போன முன்பணத்தையும் வீட்டில் அளந்து விடும் நெல்லையும் கொண்டு மூன்று ஆண்டை ஓட்ட வேண்டும். நோய், பிரசவம், பிள்ளைகளின் படிப்பு, நாத்தனார் வீட்டு விசேஷம், செய்முறை, மாமியாரின் மனம் ஆகிய அனைத்தும் அவள் பொறுப்பு. அவள் கொண்டுவந்த சீதனப் பணமும் கடையில் வட்டிக்கு ஓடிக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்து எண்ணினால், அந்தக் கடைக்கு அவளும் ஒரு முதலாளி என்பது விளங்கும். ஏஜண்டுக்குக் கணக்கு முடியும் நாள் உண்டு. அவளுக்கு மட்டும் கணக்கு முடிவதே இல்லை.

அக்கரையில் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டவர்களும் இருந்தார்கள். வளவில் அதைப் பற்றி உரக்கப் பேசுவதில்லை. இந்த ஓய்வுக்கும் இந்த வீடுகளுக்கும் ஆன விலையை வட்டியாகக் கொடுத்தவன் பர்மியக் குடியானவன் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இந்த ஏற்பாடு குலைந்ததும் அவன் வழியாகத்தான்.

1930-இல் நெல் விலை வீழ்ந்தது. கடன்பட்டவனால் அசலும் கொடுக்க முடியவில்லை, வட்டியும் கொடுக்க முடியவில்லை. ஈட்டுக்கு வைத்த நிலம் கடைக்கு வந்து சேர்ந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான பதின்மூன்று நெல் ஜில்லாக்களில், 1930-இல் சாகுபடி நிலத்தில் நூற்றுக்கு ஆறு பங்காக இருந்த செட்டியார் உடைமை, 1937-க்குள் நூற்றுக்கு இருபத்தைந்து பங்காக உயர்ந்தது. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது செல்வப் பெருக்கமாகத் தோன்றியது. கடைக்காரனுக்கோ அது முடக்கம். பணத்தைக் கணக்கிட்டு அடுத்தவன் கையில் ஒப்படைத்துவிட்டு வரலாம். விலைபோகாத சேற்று நிலத்தை எப்படி ஒப்படைப்பது? கணக்கை முடிக்கும் வழி அடைபட்டதோடு அந்த முறையின் உயிர்நாடியும் அடங்கியது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமானபோது, அரக்கான் மலைகளையும் அஸ்ஸாம் காடுகளையும் கால்நடையாகக் கடந்து வந்த இந்தியர்களோடு கடைக்காரர்களும் வந்தார்கள். 1948-இல் சுதந்திரம் பெற்ற பர்மா நிலத்தைத் தேசவுடைமையாக்கச் சட்டம் இயற்றியது. 1963-இல் பாங்குகளும் அரசுடைமையாயின. மலாயாவில் கடைகள் நிலைத்திருந்தன. ஆனால் போருக்குப் பின் அங்கே குடும்பத்தோடு குடியேறுவது பரவியபடியால் கணக்குக் காலம், வீட்டுக் காலம் என்ற பிரிவுக்கு வேலையில்லாமற் போயிற்று.

கணக்கு முறை நடந்துகொண்டிருந்த ஆண்டுகளிலேயே, வேலையையும் ஓய்வையும் பங்கிடும் கேள்விக்கு உலகத்தின் மற்றொரு விடை நம் நாட்டுக்கும் வந்து சேர்ந்தது. 1918 ஏப்ரலில் பி. பி. வாடியாவின் தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது, மதிய உணவுக்குப் போதிய அவகாசம் இல்லை என்பது பின்னி ஆலைத் தொழிலாளரின் குறைகளுள் ஒன்று. 1919-இல் சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் தன் முதல் உடன்படிக்கையிலேயே நாளொன்றுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரையறுத்தது. நம் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமும் வார வேலைக்கு 48 மணியையே எல்லையாக வைத்தது. அந்த எல்லையை அசைக்கும் முயற்சி ஓயவில்லை. 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டசபையில் பன்னிரண்டு மணி வேலைக்கு இடங்கொடுக்கும் திருத்தம் நிறைவேறி, எதிர்ப்பெழுந்ததும் சில நாளில் நிறுத்தி வைக்கப்பட்டு, மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. பெரிய கம்பெனித் தலைவர்கள் வாரம் 70 மணி என்றும் 90 மணி என்றும் உபதேசம் செய்தது அதற்குப் பிந்திய கதை. வாரம் 55 மணியும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி உழைப்பவர்களைவிட, பக்கவாதம் வரும் அபாயம் 35 சதவீதமும் இதயத் தமனி நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதமும் அதிகம் என்று உலகச் சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழில் ஸ்தாபனமும் 2021-இல் சேர்ந்து வெளியிட்டதை அந்தத் தலைவர்கள் வாசித்ததாகத் தோன்றவில்லை.

கணக்கு முறை அடியோடு மறைந்துவிட்டதா என்றால் அதுவும் இல்லை. சிவகங்கை, இராமநாதபுரம் ஜில்லாக்களிலிருந்து சிங்கப்பூருக்குக் கட்டிட வேலைக்கும் கப்பல்பட்டறை வேலைக்கும் போகிற இளைஞர்கள் அதே கடலைத்தான் கடக்கிறார்கள். அவர்களுக்கு அளிக்கப்படும் வேலை அநுமதி ஒரு தடவைக்கு அதிகபட்சம் இரண்டு ஆண்டு. மனைவி மக்களை உடன் அழைத்துச் சென்று வைத்துக்கொள்ள அதில் இடமில்லை. பழைய ஏஜண்டின் பிரிவுத் துன்பம் அப்படியே இருக்கிறது. முன்பணம் வாங்கிய இடத்தில் ஏஜென்சிக்கு முன்பணம் கட்டும் நிலை வந்திருக்கிறது. திரும்பி வந்தால் அடுத்த சீட்டுவரை குடும்பத்தோடு கவலையின்றி இருக்கும் காலம் மட்டும் இல்லை. சென்னையிலும் பெங்களூரிலும் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் காரைக்குடிப் பிள்ளைகள் நிலை வேறு. அவர்கள் தினமும் குழந்தையின் முகத்தைப் பார்க்கிறார்கள். ஆனால் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டே மேலாளுக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். வேலை நேரத்துக்குப் புறம்பான செய்திகளிலிருந்து விலகியிருக்கும் உரிமை பிரான்ஸில் 2017-இல் சட்டமாக நடைமுறைக்கு வந்தது, நல்ல சட்டம்தான். ஆனால் அந்தச் செய்திக்குப் பதில் சொல்ல வேறோர் ஆள் நியமிக்கப்படாதவரை, கைப்பேசியை அணைத்து வைத்தாலும் மனம் அணையாது. கணக்கு முடித்தவர் நிம்மதியாக உறங்கியது அவருடைய சாவி இன்னொருவர் இடுப்பில் இருந்ததனால்தான்.

பழைய முறையிலிருந்து எடுத்துக்கொள்ளத் தக்கது இந்த ஒப்படைப்பு ஒன்றே என்று நான் கருதுகிறேன். விடுப்பில் போகிறவரின் பொறுப்பை முழுமையாக வாங்கிக்கொள்ள ஓர் ஆளும், அதற்குரிய சில நாட்களும், அதற்கான செலவும் நிறுவனத்தின் கணக்கிலேயே இருக்க வேண்டும். யோக வகுப்பும் மன அமைதிப் பிரசங்கமும் அதற்கு ஈடாகா. தள்ள வேண்டியது, ஒருவர் ஓய்வை இன்னொருவர் தலையில் ஏற்றி வைத்த அந்த வளவுக் கணக்கு. அது இன்னும் தள்ளப்படவில்லை. 2019-இல் மத்திய அரசு எடுத்த காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதில் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிஷம் செலவிட்டார்கள். அவ்வேலையில் ஈடுபடும் ஆண்களோ 97 நிமிஷமே.

செட்டிநாட்டு அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாகப் பிரிவினைக்காகவும் விற்பனைக்காகவும் பெரிய வீடுகள் திறக்கப்படும்போது, பேரேடுகளையும் சம்பளச் சீட்டுகளையும் பத்திரமாக எடுத்து வைப்பவர்கள்கூட, ஆச்சிமார் அக்கரைக்கு எழுதிய கடிதங்களையும் அங்கிருந்து வந்தவற்றையும் பழைய தாள் என்று எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா துண்டு நோட்டீசையும் கல்யாண அழைப்பையும்கூடச் சேர்த்து வைத்ததனால்தான், அவர் காலத்துக்குப் பின் 1994-இல் சென்னையில் அவர் பெயரால் ஓர் ஆராய்ச்சி நூலகம் அமைய முடிந்தது. மூன்று ஆண்டுப் பிரிவை வீட்டுக்குள்ளிருந்து பார்த்தவர்களின் சாட்சியம் அந்தக் கடிதங்களில்தான் இருக்கிறது. தகரப் பெட்டிகளை எடைக்குப் போடுமுன் அருகிலுள்ள ஒரு கல்லூரி நூலகத்துக்காவது தகவல் சொல்லுங்கள்.